மலக்குழிக் கழிவை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம், சுண்ணாம்பிட்டு மண்ணுக்குத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த பெரும்போகத்தில் விதைத்து இரண்டு கிழமை இருக்கும், வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வட்டையில் (வயல்தொகுதியில்) மாட்டுக் காவலுக்கு வாடியில் படுத்திருந்தேன். இரவு பத்து மணி கடந்திருக்கும். ஒரு பவுசர் விளக்கை அணைத்துக்கொண்டு பின்பக்கமாக வாய்க்கால் கட்டுக்கு வந்து நின்றது. தண்ணீர் பவுசர் என்றுதான் முதலில் நினைத்தேன், நாற்றம் வந்த பிறகுதான் விளங்கியது. ஓடிப்போய், "என்ன மனே இது, இந்தத் தண்ணிதானே கீழ்வயலுக்கெல்லாம் போகுது" என்று கேட்டேன். சாரதித் தம்பி பயந்துபோனார். "ஐயா, கொட்டுறதுக்கு இடமில்லை. வேணுமெண்டா உங்கட வயலுக்குள்ளயே ஊத்திட்டுப் போறன், காசு வேண்டாம், நல்ல பசளைதானே" என்றார்.

அந்தத் தம்பியோடு நான் சண்டை பிடிக்கவில்லை. அவரும் நாட்கூலிக்கு ஓடுகிறவர். அவர் சொன்ன "நல்ல பசளைதானே" என்ற சொல் மட்டும் அன்றைக்கு என்னைத் தூங்க விடவில்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை, மற்றப் பாதி ஊருக்கே நோயைக் கொண்டுவரக்கூடியது. அந்த இரண்டு பாதியையும் பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் களுதாவளை. வயல் வாவிக்கு அக்கரையில், குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூருக்குப் போய், அங்கிருந்து போக வேண்டும். வெற்றிலையும் தென்னையும் இக்கரையில். இடையில் 9 வருடம் வளைகுடாவில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்தேன். ஊரில் கேட்டவர்களுக்கு "கொம்பனியில் வேலை" என்றுதான் அப்போது சொன்னேன், ஆனால் செய்தது கசடு பிழியும் பகுதியில். நகரத்து மலசலக் கழிவெல்லாம் குழாய் வழியாக வந்து, தண்ணீர் ஒரு பக்கம் தெளிந்து போக, அடியில் தங்கும் கசட்டைப் பெல்ட் இயந்திரத்தில் பிழிந்தால் ஈரக் களிமண் போல ஒன்று வரும். அதோடு சுட்ட சுண்ணாம்புத் தூளைக் கலப்பதுதான் எங்கள் ஷிப்டின் வேலை.

சுட்ட சுண்ணாம்பு என்ன செய்யும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. தண்ணீர் பட்டால் கொதிக்கும், நீறும், கை வெந்துபோகும். கசட்டில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்ததும் அதே கொதிப்புத்தான் நடக்கிறது, கலவையிலிருந்து ஆவி எழும், அமோனியா கிளம்பி மூக்கையும் கண்ணையும் எரிக்கும். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு மீற்றரைக் குத்திப் பார்ப்பார். பி.எச்., அதாவது புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண், 12 வந்தால் தலையாட்டுவார், வராவிட்டால் இன்னும் சுண்ணாம்பு. இரண்டு மணித்தியாலம் கழித்து மறுபடி அளப்பார், அடுத்த நாள் அதே நேரத்துக்கு இன்னொரு முறை. சாதாரண மண்ணின் பி.எச். 5இலிருந்து 8க்குள் இருக்கும். 12 என்றால் வயிற்றோட்டக் கிருமி, கொலரா, தைபொயிட்டுக் கிருமி, வைரசு இவை அநேகமாக எல்லாம் செத்துப்போகும் காரம். ஈயும் அதில் வந்து உட்காராது. நாற்றத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் அடங்கிவிடுவதால் இரண்டாம் நாள் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று தேநீர் குடிக்கலாம், நாங்கள் குடித்திருக்கிறோம்.

ஆனால் ஒன்றை அங்கேயே கண்ணால் பார்த்தேன். சுண்ணாம்பைக் குறைத்துப் போட்ட குவியல்கள் சில நாட்களில் மறுபடி நாறத் தொடங்கும். சுண்ணாம்பு கசட்டில் உள்ள சத்தையோ அழுகக்கூடிய பொருளையோ அழிப்பதில்லை, நுண்ணுயிர்களை மட்டுமே அடக்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப் பி.எச். இறங்கியதும் தப்பிப் பிழைத்த கிருமி மறுபடி பெருகும். அதனால்தான் அமெரிக்காவில் 1993இல் வந்த விதி, பி.எச். 12 இரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டும், அதன் பிறகு இன்னும் 22 மணித்தியாலத்துக்கு 11.5க்குக் கீழே இறங்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. "கொஞ்சம் சுண்ணாம்பு தூவி விட்டோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீற்றர் காட்டின எண்ணைக் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் வட்டப்புழு முட்டை. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கிறார்களே, அந்தப் பூச்சிதான். அதன் முட்டைக்குத் தடித்த ஓடு, சுண்ணாம்பின் காரம் மட்டும் அதைக் கொல்லாது. வெப்பமோ, நல்ல காய்ச்சலோ, நீண்ட காலமோ வேண்டும். முழுப் பாதுகாப்பான தரம் என்று சொல்ல, பி.எச். 12க்கு மேலே 72 மணித்தியாலம் வைத்து, அதற்குள் 12 மணித்தியாலமாவது 52 பாகை செல்சியசுக்கு மேலே சூடு நின்று, பிறகு எடையில் பாதிக்கு மேல் காய்ந்த பொருளாகும்வரை காற்றில் காய வேண்டும் என்பது அதே அமெரிக்க விதி. உலக சுகாதார நிறுவனம் 2006இல் கொடுத்த வழிகாட்டல் இன்னும் எளிமையானது: பி.எச். 9க்கு மேலே ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருங்கள், அதுவும் 35 பாகைக்கு மேற்பட்ட சூடு இருந்தால், அல்லது ஈரம் 25 வீதத்துக்குக் கீழே இருந்தால். ஈரம் கூடினால் காலமும் கூடும் என்கிறது. சுண்ணாம்பு சேர்க்காமல் 20 பாகைக்கு மேலான இடத்தில் சும்மா சேமித்து வைத்தால் ஒரு வருடத்துக்கு மேல் வைக்கச் சொல்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் எங்கள் மணல் காலைச் சுடும். கூரைத் தகட்டின் கீழ் உமியோடு கலந்து பரப்பினால் இரண்டு மாதத்தில் கையில் தூளாகும் என்பது என் அனுபவக் கணிப்பு. அந்த வெயிலையும் உமியையும் நாங்கள் சும்மா விட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது பணக்கார நாட்டு வேலை என்று சிலர் சொல்வார்கள். பங்களாதேஷின் கொக்ஸ் பஜாரில் ரோகிங்கியா அகதிகள் வந்து குவிந்தபோது, முகாம்களில் குழி குழியாக நிறைந்த மலக்கழிவைச் சுண்ணாம்பு கலந்துதான் பல இடங்களில் கிருமி நீக்கினார்கள். பெரிய தொட்டி, சுண்ணாம்பு மூட்டை, கலக்குகிற கம்பு, மீற்றர், கையுறை அணிந்த மனிதர் என்ற அளவிலேயே அங்கே தொடங்க முடிந்தது. நம் நாட்டிலேயே பலாங்கொடை நகர சபை மலக்குழிக் கழிவை ஊர்க் குப்பையோடு சேர்த்துக் கூட்டெருவாக்கியிருக்கிறது. அது சுண்ணாம்பு முறை இல்லை, குவியலின் சூட்டில் கிருமியைக் கொல்கிற முறை, ஆனால் இலங்கையில் ஓர் உள்ளூராட்சி சபையால் இந்தக் கழிவைக் கையாள முடியும் என்பதற்கு அது போதும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் கழிவுக் கசடு, 2015 அளவில் வேறு முறைக்கு மாறும்வரை, பல வருடங்களாகச் சுண்ணாம்பிடப்பட்டு வேர்ஜீனியா, மேரிலாந்துப் பண்ணைகளுக்கு லொறி லொறியாகப் போனது. அங்குள்ள விவசாயிகள் அதை வாங்கியதற்கு ஒரு காரணம், பசளையோடு சுண்ணாம்பும் சேர்ந்து கிடைத்தது. அவர்களுடைய மண் புளித்த மண்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கத்தில், கல்லடியில் தொடங்கிக் களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கீழே போகப் போக மணல்தான். ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட யூரியா ஒரு மழைக்குக் கிணற்றுக்குள் போய்விடும். களுதாவளையில் வெற்றிலை வைக்கிறவர்களுக்கு இது தெரியும், மாட்டெருவும் குழையும் வருடா வருடம் போடாவிட்டால் கொடி மஞ்சளித்துவிடும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மண் வேறு. மட்டக்களப்பு, அம்பாறை மேட்டு நிலங்களில் பரவலாக இருக்கிற, சுண்ணாம்புச் சத்து இல்லாத கபில மண், மேலே மணற்பாங்காக இலேசாகப் புளித்திருக்கும். அதிலும் சேதனப் பொருள் குறைவு. கிரவல் அள்ளி விட்டுப்போன குழிகளைப் பாருங்கள், பத்து வருடம் கழித்தும் புல் முளைக்காமல் சிவந்து கிடக்கிறது. இப்படியான மண்ணுக்கு வேண்டியது சேதனப் பொருளும் கொஞ்சம் கல்சியமும். நாங்கள் இரவில் வாய்க்காலில் ஊற்றுவது அதைத்தான்.

2021இல் இரசாயனப் பசளையை ஒரே நாளில் நிறுத்தினார்கள், அதே வருடக் கடைசியில் பின்வாங்கினார்கள். இடையில் நாங்கள் பட்ட பாட்டை இந்தப் பத்திரிகையில் எத்தனையோ பேர் எழுதினார்கள். அந்த நாட்களில் "சேதனப் பசளை" என்று பெயர் ஒட்டி வந்த மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தவன் நான், கண்ணாடித் துண்டும் ஷொப்பிங் பையும் இருந்தது. அந்தக் காயம் ஆறாத விவசாயியிடம் இன்னொரு "அதிசயப் பசளை" என்று யாரும் போய் நிற்க வேண்டாம். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. சுண்ணாம்பிட்ட கசடு யூரியாவுக்குப் பதில் இல்லை. சுண்ணாம்பு போட்டபோது மூக்கை எரித்த அந்த அமோனியா நைதரசன்தான், அவ்வளவும் காற்றோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது மண்ணில் மெல்ல மெல்ல உக்கித்தான் பயிருக்குக் கிடைக்கும். பொசுபரசு நன்றாகவே இருக்கும், ஆனால் கல்சியத்தோடு பிணைந்திருப்பதால் அதுவும் மெதுவாகத்தான் வரும். பொட்டாசியம் மிகக் குறைவு, அது கரைந்து தண்ணீரோடு போகிற சத்து. தென்னைக்குப் பொட்டாசியம் அதிகம் வேண்டும் என்பதால் எம்.ஓ.பி. என்ற பொட்டாசியப் பசளையோ பொச்சுமட்டைச் சாம்பலோ தனியாகப் போட்டே ஆக வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் பிறகு ஏமாந்தோம் என்று சொல்ல மாட்டார்கள்.

எங்கே போடக் கூடாது என்பதுதான் என் கணக்கில் எங்கே போடலாம் என்பதைவிட முக்கியம், அதனால் அதில் கொஞ்சம் நிற்கிறேன். முதலாவது, வெற்றிலைக்குப் போடவே கூடாது. நான் வெற்றிலைக்காரன், சொல்கிறேன், அது பச்சையாக வாய்க்குள் போகிற இலை. அதே காரணத்துக்காகக் கீரை, தக்காளி, கறிமிளகாய், வெள்ளரி எதற்கும் வேண்டாம். அமெரிக்க விதியில் சாதாரணச் சுண்ணாம்புத் தரக் கசடு போட்ட நிலத்தில், மண்ணைத் தொடுகிற காய்களை 14 மாதத்துக்கு அறுக்கக் கூடாது. மண்ணுக்குள் விளைகிற கச்சான், வற்றாளை, மரவள்ளி, வெங்காயம் போன்றவற்றுக்கு 20 மாதம், கசட்டை நான்கு மாதத்துக்குள் மண்ணோடு உழுதுவிட்டால் 38 மாதம். உழுதால் காலம் ஏன் கூடுகிறது என்று கேட்பீர்கள். மேலே கிடந்தால் வெயில் முட்டைகளைக் கொல்லும், உள்ளே புதைந்தால் அவை குளிர்ந்து பத்திரமாக இருக்கும். மாடு மேய 30 நாள் விட வேண்டும், நம் பக்கம் பட்டி மாடுகள் எங்கும் திரிவதால் வேலி இல்லாத காணிக்கு இது சரிவராது.

நெல்லுக்கும் நான் ஆதரவில்லை. தண்ணீர் கட்டிய வயல் மண், புளிப்பாக இருந்தாலும் காரமாக இருந்தாலும், சில கிழமைகளில் தானாகவே நடுநிலைக்கு வந்துவிடும். இதை உலகத்துக்கு விளக்கியவர்களில் முன்னின்றவர் நம் நாட்டில் பிறந்து, பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த விஞ்ஞானி பொன்னம்பெரும. தானாகச் சரியாகிற மண்ணுக்குச் சுண்ணாம்பால் பெரிய பிரயோசனம் இல்லை, அளவு கூடினால் நாகச் சத்துக் குறைந்து நாற்று மண்நிறமாகிக் குட்டையாக நிற்கும். அதைவிட, வயல் தண்ணீர் வட்டை வட்டையாக இறங்கிக் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது. அங்கே ஏற்கெனவே ஆற்றுவாழை அடைத்துக் கிடக்கிறது. அதற்கு இன்னும் சாப்பாடு போட வேண்டாம்.

வாவி ஓரத்து உவர் நிலத்துக்கு இதைக் கேட்டு ஒருவர் என்னிடம் வந்தார். உப்பு ஏறிய மண்ணுக்குச் சுண்ணாம்பு மருந்தில்லை. கடல் உப்பு என்றால் மழைத் தண்ணீரில் கழுவி வடிய விட வேண்டும், சுனாமிக்குப் பிறகு நம் வயல்களைக் காப்பாற்றியதும் மாரி மழைதான். சோடியம் இறுகிக் காரமாகிப்போன மண்ணுக்கு ஜிப்சம்தான் வேண்டும். அங்கே சுண்ணாம்பைக் கொட்டினால் இருக்கிற காரத்தோடு இன்னும் காரம் சேரும். அதனால்தான் மண் பரிசோதனை இல்லாமல் ஒரு கூடைகூடப் போட வேண்டாம் என்கிறேன். பி.எச். ஏற்கெனவே 7ஐத் தாண்டியிருந்தால் அந்தக் காணி இதற்குரியதில்லை, அவ்வளவுதான். யூரியா போடுகிறவர்கள் இதோடு சேர்த்து ஒரே நாளில் போடவும் வேண்டாம், யூரியாவின் நைதரசனும் சுண்ணாம்பு பட்டு ஆவியாகிவிடும், இரண்டு மூன்று கிழமை இடைவெளி விடுங்கள்.

சரி, போடக்கூடிய இடம் என்ன மிஞ்சுகிறது என்றால், நிறையவே மிஞ்சுகிறது. தென்னை, மரமுந்திரிகை, தேக்கு, வேலி மரங்கள், மாட்டுக்குப் புல் வெட்டுகிற வேலியடைத்த காணி, அந்தக் கிரவல் குழிகள். தேங்காய் விழுந்து மண்ணில் கிடக்குமே என்று என் மனைவி கேட்டாள், நியாயமான கேள்வி. மரத்தைச் சுற்றிப் பாத்தி வெட்டிப் போட்டு மண்ணால் மூடிவிட வேண்டும், ஆறு மாதம் வைத்துக் காய்ந்த கசட்டை மட்டும் பாவிக்க வேண்டும், காயை ஏறிப் பறிக்க வேண்டும். மாரி தொடங்குவதற்கு முன்னால் குவித்து வைத்தால் எல்லாம் வெள்ளத்தோடு போகும், ஆகவே மாரி கழிந்து தை, மாசியில் போடுவதுதான் சரி. நீர்நிலைக்கு 10 மீற்றருக்குள் போடக் கூடாது என்பது அமெரிக்க விதி, நம் மணலில் கிணறு பத்தடியில் ஊறுவதால் அதைப் பல மடங்காக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது எல்லோரும் பயப்படுகிற விஷயம், கட்மியமும் ஈயமும். அம்பாறை மாவட்டத்தில் மகாஓயா, தெஹியத்தக்கண்டி பக்கம் சிறுநீரக நோயால் குடும்பங்கள் படுகிற துன்பத்தை அறிந்தவர்கள் நாங்கள், அந்தப் பயத்தை யாரும் அலட்சியம் பண்ணக் கூடாது. சுண்ணாம்பு கிருமியைக் கொல்லும், உலோகத்தைக் கொல்லாது. பி.எச். உயர்ந்திருக்கும்வரை அநேக உலோகங்கள் கரையாமல் கட்டுண்டு கிடக்கும், மண் மறுபடி புளித்தால் கட்டு அவிழும். தொழிற்சாலைகள் சேருகிற நகரச் சாக்கடைக் கசட்டைவிட வீட்டுக் குழிக் கழிவில் உலோகம் பொதுவாகக் குறைவு, அது நமக்கு ஒரு வசதி, ஏனென்றால் எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு குழிதான். அந்த வசதியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வாகனம் கழுவுகிற இடம், கராஜ், பெயின்ற் வேலை, ஆய்வுகூடம், ஆஸ்பத்திரிக் கழிவு எதுவும் அந்தத் தொட்டிக்குள் வரக் கூடாது. அமெரிக்காவில் நல்ல தரக் கசட்டுக்கு ஒரு கிலோ காய்ந்த எடையில் கட்மியம் 39 மில்லிகிராம், ஈயம் 300 மில்லிகிராம் என்று எல்லை. ஐரோப்பாவின் 1986ஆம் ஆண்டு விதி கட்மியத்துக்கு 20இலிருந்து 40 வரை என்கிறது. நமக்கு இன்னும் இறுக்கமான எல்லை வைத்தாலும் நான் எதிர்க்க மாட்டேன். ஒட்டாத சட்டி, தீயணைக்கும் நுரை போன்றவற்றில் இருக்கிற அழியாத இரசாயனங்கள் கசடு வழியாகப் பண்ணைகளுக்குள் போனதைக் கண்டுபிடித்த பிறகு, அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022இல் கசட்டை நிலத்தில் போடுவதையே தடை செய்துவிட்டது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு என் பதில், பரிசோதனை முடிவு கையில் இல்லாத ஒரு லோடுகூட வாயிலைத் தாண்டக் கூடாது, முடிவு தமிழில் வாயிலில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

சுண்ணாம்பு எங்கிருந்து என்றும் யோசிக்க வேண்டும். கல்குடா, பாசிக்குடாப் பக்கம் ஒரு காலத்தில் முருகைக்கல்லை உடைத்துச் சூளை வைத்தார்கள், அதன் விலையைக் கரை கொடுத்தது. அந்தச் சுண்ணாம்பு ஒரு பிடியும் வேண்டாம், சட்டமும் இடம் தராது. மாத்தளைப் பக்கத்துக் கற்சுண்ணாம்பு இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்றால், தண்ணீராக இருக்கிற குழிக் கழிவுக்கு அமெரிக்க வழிகாட்டல் 1000 கலனுக்கு 20 முதல் 25 இறாத்தல் என்று தொடங்குகிறது, நம் கணக்கில் 1000 லீற்றருக்கு 2.5 முதல் 3 கிலோ. 4000 லீற்றர் பவுசர் ஒன்றுக்கு 10, 12 கிலோ. பல வருடம் இறைக்காத குழியின் கெட்டிக் கழிவுக்கு இதைவிடக் கூடத் தேவைப்படும், அதை மீற்றர்தான் சொல்லும். ஒரு பவுசரை வாய்க்காலில் ஊற்றுவதற்கும் ஊற்றாமல் விடுவதற்கும் இடையில் நிற்பது கால் மூட்டைச் சுண்ணாம்புதான் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த வேலையைச் செய்யப் போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. ஊரின் மலத்தை எடுக்கிறவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும். வளைகுடாவில் எனக்குக் கண்ணாடி, முழங்கைவரை கையுறை, பூட்ஸ், மாதாந்த மருத்துவப் பரிசோதனை எல்லாம் கிடைத்தது. இங்கே பவுசரில் குழாய் பிடிக்கிற தம்பி சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிறார். சுட்ட சுண்ணாம்புத் தூள் கண்ணில் ஒரு சிட்டிகை பட்டால் பார்வை போகும். முதலில் அவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் பூட்சும் தண்ணீர்க் குழாயும் நல்ல சம்பளமும், அதற்குப் பிறகு திட்டம்.

அருவருப்பு வரும். என் தாய் இதைக் கேட்டுவிட்டு "அந்தத் தேங்காயைப் பிள்ளையாருக்கு உடைக்கலாமா" என்றார். முஸ்லிம் சகோதரர்களுக்கு நஜீஸ் (மார்க்கப்படி அசுத்தமானது) பற்றிய கேள்வி வரும், அதை அவர்களுடைய உலமாக்களிடம் முதலிலேயே கொண்டுபோய், செய்முறையை முழுதாக விளக்கித் தீர்ப்புக் கேட்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் கலந்து விற்றால் அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. மூட்டையில் இன்னது என்று எழுதியிருக்க வேண்டும், வேண்டாம் என்கிறவருக்கு வேண்டாம். நான் என் தாயிடம் சொன்னது, இப்போதும் அந்தக் கழிவு நாங்கள் குளிக்கிற வாவிக்குள்ளேயும் கிணற்றுக்குள்ளேயும்தான் இருக்கிறது அம்மா, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். காத்தான்குடியிலும் கல்முனையிலும் ஐந்தாறு பேர்ச் காணிக்குள் குழியும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வீடுகளைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

நான் கேட்பது பெரிய தொழிற்சாலை இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இரண்டொரு பிரதேச சபைகள் சேர்ந்து, வீடுகளுக்கும் வாய்க்காலுக்கும் தூரமான மேட்டு நிலத்தில், அடியில் சீமெந்து போட்ட காய வைக்கும் பாத்திகளும் ஒரு கலக்குத் தொட்டியும் கூரையும் அமைக்கட்டும். பவுசர்காரருக்கு அங்கே கொட்டக் கட்டணம் வைக்க வேண்டாம், கட்டணம் வைத்தால் அவர் மறுபடி இரவில் வாய்க்காலுக்குத்தான் போவார், கொண்டுவந்து கொடுத்த ஒவ்வொரு லோடுக்கும் ஏதாவது கொடுத்தால் இன்னும் நல்லது. சம்மாந்துறை ஆலைகளில் மலைபோலக் கிடக்கிற உமியில் கொஞ்சத்தை அங்கே அனுப்பலாம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் மண்ணையும் கசட்டையும் பரிசோதிக்கட்டும், கரடியனாற்றில் விவசாயத் திணைக்களம் தென்னையிலும் புல்லிலும் இரண்டு மூன்று வருடம் போட்டுப் பார்க்கட்டும், பக்கத்தில் போடாத பாத்தியும் இருக்கட்டும், கிணற்றுத் தண்ணீரை மாதா மாதம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுத்துப் பார்க்கட்டும். முடிவு கெட்டதாக வந்தால் நிறுத்திவிடலாம், நானே முதலில் நிறுத்தச் சொல்வேன்.

அதுவரை விவசாயத் தோழர்கள் யாரும் பவுசர்காரர் சும்மா ஊற்றித் தருகிற பச்சைக் கழிவைக் காணிக்குள் எடுக்க வேண்டாம். வயல் நீர்ப்பாசனத்தைப் பார்க்கிற எங்கள் வட்டவிதானையிடமும் இதைச் சொல்லி, வாய்க்கால் கட்டில் இரவில் நிற்கிற பவுசரின் இலக்கத்தைக் குறித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் கொடுப்பதாக வட்டைக் கூட்டத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

பரிசோதனைக்கு நிலம் வேண்டும் என்றால், களுதாவளையில் என் தென்னங்காணியில் அரை ஏக்கர் இருக்கிறது, 31 மரம், நாலு பக்கமும் வேலி, கிணறு காணியின் மற்ற மூலையில். மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
களுதாவளை விவசாயி ஒருவர்